‘தேர்ஃபோர்’ போட விடாத செல்வராணி

அரியலூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் போன் செய்தார். "சார், டைப்பிங் ராணியக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சுவலின்னாங்களாம்." பெரம்பலூரில் ஆய்வேடு டைப் செய்யக் கொடுத்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்திருந்த செல்வராணி, பட்டம் வாங்காதவர். எங்களில் பலருடைய பட்டம் அவர் கைபட்டது.

நாங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிற லட்சணம் ஊரறிந்தது. சாம்பாரில் பெருங்காயம் போடுவதுபோல, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மோர்ஓவர்’, ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ போடுவோம். வாசனை வந்தால் ஆய்வாகிவிடும் என்று நினைப்பு. ராணி விடமாட்டார். "சார், ‘மோர்ஓவர்’னு ஆரம்பிச்சா புதுசா ஒண்ணு வரணுமில்லீங்களா? மேல சொன்னதையேதான் சொல்லியிருக்கீங்க." நாம் மழுப்பினால், "தமிழ்ல சொல்லிப் பாருங்க. வெக்கமா இருந்தா எடுத்துடுங்க" என்பார்.

என் ஆய்வு, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுடைய தாய்மார் பெரும்பாலும் படிக்காதவர்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் ‘தேர்ஃபோர்’ போட்டு, ஆகவே பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்று முடித்திருந்தேன். சமர்ப்பிக்கப் பத்து நாள்தான் இருந்தது. ராணி டைப் செய்வதை நிறுத்திவிட்டார்.

"எங்கம்மா கைநாட்டுங்க சார். கூலிக்குக் களையெடுத்து என்னைப் படிக்க வச்சுது. சாயங்கால பஸ்ஸை நிறுத்திட்டாங்க, நான் நின்னுட்டேன். அந்தப் புள்ளைங்ககிட்ட நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல், "டைப் பண்றது மட்டும்தான் உங்க வேலை" என்று கத்திவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுவாரம் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடமே கேட்டேன். பஸ் இல்லை, பள்ளியில் கழிப்பறை இல்லை, வழியில் வம்பு செய்கிறார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "அம்மாதான் போகச் சொல்லி அழுதுச்சு" என்றாள் ஒருத்தி. அவகாசம் கேட்டு வாங்கி, அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத ஆறு மாதம் ஆனது. எடுத்துக்கொண்டு போனபோது, எதுவும் நடக்காததுபோல ராணி, "வாங்க சார், உட்காருங்க" என்றார். ‘தேர்ஃபோர்’ இருந்த இடங்களை நிதானமாகப் படித்துவிட்டு, தலையாட்டினார்.

அவரால் என்னிடம் மிச்சமிருப்பது, எந்தத் தாய்மேலும் பழி போடாத ஓர் ஆய்வேடு. அதன் நன்றியுரையில் வழிகாட்டி, முதல்வர், மனைவி, மாமனார் எல்லாரும் இருக்கிறார்கள். செல்வராணி இல்லை. அந்தப் பக்கத்தையும் அவர்தான் டைப் செய்து கொடுத்தார்.