காதில் வைத்த பஞ்சு

இந்த நாட்டில் பிள்ளைகள் வகுப்பில் காதை மூடிக்கொண்டு படிக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். தெருவில் கல் உடைக்கிறவர்கள் தலையில் மாட்டுவார்களே, இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்த மஞ்சள் காதுமூடி, அதேதான். 'ஹொர்செல்வேர்ன்' என்று பெயர். என் மகள் ஆரணியின் வகுப்பில் ஒரு கூடைக்குள் ஆறேழு கிடக்கின்றன. கவனம் சிதறுகிற பிள்ளை எழும்பிப் போய் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கணக்குச் செய்யலாம், ரீச்சர் ஒன்றும் சொல்லமாட்டா. நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர் இது. பனி கொட்டத் தொடங்கினால் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி முனகுவதுதான் ஊரிலேயே பெரிய சத்தம். இங்கே எந்தச் சத்தத்துக்குப் பயந்து இதுகள் காதை மூடுதுகள் என்று முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆரணிக்குப் பதினொரு வயது. கவனக்குறைபாடு என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். இங்கத்தைய வாயில் அது 'ஆ-டே-ஹோ-டே'. மூன்று வேலை சொன்னால் ஒன்றைச் செய்வாள், அதுவும் பாதி. ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அந்த வரியின் தொடக்கம் அவளுக்கு மறந்துவிடும். வாயால் கேட்டால் டக்கென்று விடை சொல்கிற பிள்ளை, தாளில் எழுதச் சொன்னால் வெறும் தாளைத் தருவாள். தன்னை மொக்கு, மண்டையில் ஒன்றும் ஏறாது என்று தானே சொல்லத் தொடங்கியிருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இனி ஒவ்வொரு நாளும் காதுமூடி போட்டுத் தனி மேசையில் படிக்கவைக்கப் போகிறோம், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றது கடிதம். இப்படியே விட்டால் அடுத்த வகுப்புப் பாடம் அவளுக்குப் பிடிபடாது என்றும் எழுதியிருந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை.

வகுப்பாசிரியை கூப்பிட்டுக் கோப்பி தந்தா. நல்ல மனுசி. கடிதத்தை மேசையில் மெதுவாகத் தள்ளி, "நிறம் பிடிக்கவில்லையா? இளஞ்சிவப்பிலும் இருக்கிறது" என்றா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நிறமாம்! காதை மூடினால் வருவது அவளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று என் உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "என்ன வரும்?" என்று கேட்டா. யன்னலுக்கு வெளியே பனிக்குள் பிள்ளைகள் சறுக்கி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். எனக்கு விசர், பைத்தியம் என்று நினைத்திருப்பா.

என்ன வரும் என்று என் ஊர் விசுவமடுவில் யாரும் கேட்கமாட்டார்கள். யுத்த காலத்தில் அங்கே நான் தொண்டர் ஆசிரியை. இருபத்திரண்டு வயது, கையில் எப்போதும் பூவரசங்கம்பு. பாலை மரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில், பக்கத்தில் குண்டுக்கு ஒளியும் பங்கர் குழி, ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி கௌசி. கரும்பலகையில் இருப்பதில் பாதியை எழுதுவாள், பிறகு சட்டைத் தெறியைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். எத்தனை அடி அடித்திருப்பேன்! கவனக்குறைபாடு என்று ஒன்று இருப்பது எனக்கு எங்கே தெரியும்? கொழுப்பு என்று நினைத்தேன்.

ஒருநாள் அடிக்கக் கம்பை ஓங்கும்போது அவள் தலை நிமிர்ந்தது. "ரீச்சர், வருது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓடித் தப்பப் பார்க்கிறாள் என்று அடியைப் போட்டேன். ஐந்தாறு மூச்சு கழித்துத்தான் எங்களுக்குக் கேட்டது, பிளேன். அதற்குப் பிறகு அவளுக்கு அடியில்லை. கொட்டிலின் திறந்த பக்கத்தில் அவளை இருத்தினேன். வேவு பார்க்க வருகிற ஆளில்லா வண்டோ குண்டு போட வருகிற பிளேனோ, எதுவானாலும் அவள் தலைதான் எங்களுக்கு மணி. மற்றப் பிள்ளைகள் ஒரு கண்ணைக் கொப்பியிலும் மற்றக் கண்ணைக் கௌசியின் தலையிலும் வைத்துப் படிக்கப் பழகினார்கள். எனக்கும் நல்ல வசதி, நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. முப்பத்தொன்பது பேர் படித்தார்கள், ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் ஏறவில்லை.

தவணைச் சோதனைக்கு முதல்நாள் அவளுடைய தாய் வந்தா. "ரீச்சர், இந்த முறையும் பெயில் எண்டால் இவளைத் தகப்பன் பள்ளிக்கூடம் விடாமல் மறிச்சுப்போடுவார். ஏதாவது செய்யுங்கோ" என்று கும்பிட்டா. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த நாள், கிழிந்த தலையணையிலிருந்து இலவம்பஞ்சு எடுத்துத் திரட்டி அவளுடைய இரண்டு காதிலும் வைத்து அடைத்தேன். "இண்டைக்கு ஒண்டும் கேக்காத. கணக்கை மட்டும் பார்" என்றேன். பத்துக் கணக்கு. அவள் குனிந்து எழுதத் தொடங்கியதும் கொட்டிலே மாறிவிட்டது. பிள்ளைகள் பழக்கத்தில் அவள் தலையைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். அது நிமிரவேயில்லை. எல்லாம் சுகம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்களுக்குக் கேட்கும்போது பிளேன் தலைக்கு மேலே நின்றது. விழுந்தடித்து ஓடினோம். பங்கருக்குள் எண்ணினேன், முப்பத்தொன்பது. வாசலால் எட்டிப் பார்த்தால், வெறும் கொட்டிலில் கௌசி தனியே இருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பென்சில் நிற்காமல் ஓடுகிறது. அப்படி ஒரு கவனத்தை நான் ஒரு பிள்ளையிலும் கண்டதில்லை. கத்தினேன். அவளிடம் போகவில்லை. கால் வரவில்லை, இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. குண்டு குளக்கட்டுக்குப் பின்னால் விழுந்தது, கொட்டில் சரிந்தது. கிடுகுக்குள்ளால் அவள் எழும்பி வந்தாள், கையில் விடைத்தாள், இடது காதால் இரத்தம். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. அடுத்த கிழமை ஊரே இடம்பெயர்ந்தது.

இந்தக் கதை ஆரணிக்குத் தெரியாது. வீட்டில் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் ரீச்சரிடம் போய்வந்த மூன்றாம் நாள், குசினி மேசையில் வாசிக்க முடியாமல் தெறியைக் கடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தலை நிமிர்ந்தாள்.

"அம்மா, வருது."

"என்ன வருது?"

"தெரியா. வருது."

வெளியே பனி, ஒரு சத்தமில்லை. ஐந்தாறு மூச்சு கழிந்தது. பிறகு மலைக்குப் பின்னாலிருந்து வந்தது, நோயாளி ஏற்றுகிற ஹெலிகொப்டர். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் மேசைக்குக் கீழே இருந்தேன். "அம்மா, உங்களுக்கென்ன விசரா?" என்று அவள் என்னைத் தள்ளினாள்.

அன்றைக்கே ஊரில் நாலு பேரிடம் விசாரித்துக் கௌசியின் இலக்கத்தை எடுத்தேன். வீடியோவில் வந்தாள். விசுவமடுவில் கச்சான் கடலைத் தோட்டம், பின்னால் மயில் கத்துகிறது. தலையைச் சரித்து வலது காதைக் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பங்கர் வாசலில் நின்றதையும். அழுதேன்.

"ஐயோ ரீச்சர், பஞ்சு என்ன பஞ்சு? எனக்குக் கேட்டதுதான்" என்றாள்.

"கேட்டதோ? பேந்து ஏன் சொல்லேல்ல?"

"ஒன்பதாவது கணக்கில நிண்டனான். முதல்முறையா ஒரு கணக்கு என்னைப் பிடிச்சு வைச்சிருந்தது. விட்டிட்டு வர மனம் வரேல்ல." சிரித்தாள். "பத்தும் செய்தனான். நீங்கதான் இன்னும் திருத்தித் தரேல்ல."

அவளே தொடர்ந்தாள். "மகளுக்கு மாட்டிவிடுங்கோ ரீச்சர், படிக்கட்டும். நீங்க காதை அடைச்சது பிழையில்லை. அண்டைக்கு எனக்காக ஒருதரும் கேட்டுக்கொண்டு நிக்கேல்ல, அதுதான் பிழை."

மறுநாள் கையெழுத்து வைத்தேன். ஆரணி நன்றாகச் செய்கிறாள் என்று ரீச்சர் சொல்கிறா, ஒரு முழுப் பக்கம் எழுதினாளாம். வீட்டுக்கும் ஒரு மஞ்சள் காதுமூடி வாங்கினோம். அவள் அதை மாட்டிக்கொண்டு குனிந்தால், பென்சில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தால் வெறும் கொட்டிலில் கௌசி இருப்பதுதான் தெரிகிறது. அதனால் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலடியில் நிற்கிறேன். கண்ணுக்கு முன்னால் பனி, காதுக்குள் குளக்கட்டும் பாலை மரமும்.

நேற்று அவள் ஒரு பக்கக் கிண்ணத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, ஏதும் வருதோ?"

மலைக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு முதல் எனக்குக் கேட்டது.

"ஒண்டும் வரேல்ல" என்றேன். "நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன். நீ கணக்கை முடி."