கறுப்புச் சதுரத்தில் ஒரு வார்த்தை

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாகக் காலர் மட்டுமே தைக்கிறாள். புருஷன் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கில - தமிழ் அகராதி வாங்கி வந்திருந்தார். அதில் முதல் நாற்பது பக்கம் கிடையாது.

சமையலறைச் சுவரில் அவரே கறுப்புப் பெயின்டால் ஒரு சதுரம் அடித்தார். தினமும் காலையில் யாருக்கும் தெரியாத பழங்கால ஆங்கில வார்த்தை ஒன்றைச் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். சாயங்காலம் ஆறரைக்கு வந்து அர்த்தம் சொல்வார். அதற்குள் அவள் சரியாக ஊகித்துவிட்டால் ராத்திரிப் பாத்திரம் அவர் கழுவ வேண்டும். தப்பானால் அவள்.

கம்பெனியில் இவளுடைய வரிசையே சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். 'கார்ட்வெயினர்' என்று எழுதிய அன்று "செருப்பு தைக்கிறவனா இருக்கும்க்கா" என்று பக்கத்து மிஷின் பட்டன்காரி குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டது. பதினோரு வருடத்தில் மொத்தம் நான்கே வெற்றி.

கடைசி நாள் காலையில் சண்டை. மூன்றாவது குடையையும் தொலைத்துவிட்டு வந்திருந்தார். அவள் கத்து கத்தென்று கத்தினாள். அவர் 'டெர்மகன்ட்' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். மத்தியானம் டெப்போ நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது. சூப்பர்வைசர் வந்து சொன்னபோது, கையிலிருந்த காலரைத் தைத்து முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையைக் கடைசிச் செய்தி போலப் பார்த்தார்கள். கொழுந்தன் அதை அண்ணனின் போனில் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. மகள், "போன்ல தட்டினா ஒரு நொடிம்மா" என்றாள்.

"வேணாம்."

அர்த்தம் சொல்வது அவர் வேலை. அது மட்டுமில்லை, அவளுக்குப் பயம். சண்டை போட்டுவிட்டு என்ன எழுதியிருப்பார்?

அழுகை வரவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள். காலர்கள் வந்தன, போயின.

ஒரு மாதம் கழித்து வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். "நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருதும்மா. அந்தக் கறுப்பும் போயிடும். ரொம்ப நாளா உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

"அடிங்க" என்றாள்.

அன்று ஆறரைக்கு மகளைக் கூப்பிட்டாள். "போன் வேணாம். அகராதியை எடு."

"நீ ஊகிக்கணும்ல? சொல்லு."

அவள் சுவரைப் பார்த்தாள். "மறதிக்காரன்."

குடையைத் தொலைத்த தப்பை அவர் அப்படி ஒப்புக்கொண்டிருப்பார் என்று இத்தனை நாளாக மனசுக்குள் வைத்திருந்தாள். மகள் பக்கம் பக்கமாகத் தள்ளினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"படிடி."

"சண்டைக்காரி, வாயாடின்னு போட்டிருக்கும்மா."

மகள் அகராதியை மூடினாள்.

"அப்பா விளையாட்டுக்குத்தாம்மா..."

"தெரியும். வந்து சொல்லிட்டுச் சிரிச்சிருப்பாரு. நான் கரண்டியை எடுத்திருப்பேன்." அதைச் சொல்லும்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. "தோத்துட்டேன். நகரு."

பாத்திரங்களைக் கழுவினாள். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு குக்கர். சீக்கிரம் முடிந்துவிட்டது.

மறுநாள் பட்டன்காரி மெல்லக் கேட்டாள். "அக்கா, அர்த்தம் தெரிஞ்சுதா?"

"சண்டைக்காரி."

"அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்காரு!" வரிசையே சிரித்துவிட்டது. அடுத்த நொடி பட்டன்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சிரிங்கடி, பரவாயில்லை" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை. அவள் அடுத்த காலரை ஊசிக்கு அடியில் வைத்தாள்.