கிளாராவிடம் தமிழில் பேசிய நாள்

வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கப் போகும் ஜூனியர்கள் என்னிடம் விசா, இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டு, போன இடத்தில் ஒருவரிடமாவது வீட்டைப் பற்றிப் பேசி வையுங்கள் என்பேன்.

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து எம்.பி.ஏ. படிக்கப் போன நான், அப்படித்தான் ஒரு பருவத்துக்கு ஜெர்மனி போனேன். புதியவர்களுக்குத் துணையாக ஒரு மாணவியை நியமிப்பார்கள். எனக்குக் கிளாரா. பஸ் பாஸ் எடுப்பதிலிருந்து குப்பையைப் பிரித்துப் போடுவது வரை அவள்தான் சொல்லித் தந்தாள்.

ஒரு காலையில் தம்பி போனில் அழுதான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார்.

அம்மா போனை வாங்கி, "நீ வந்து சேரங்குள்ள அடக்கம் பண்ணிருவாக தாயி. அங்கனயே இரு" என்றாள். என் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும்தான்; கிளம்பினால் திரும்பி வரவும் முடியாது.

மறுநாள் தம்பி வீடியோ காலில் அடக்க ஜெபத்தைக் காட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் சிக்னல் போய்விட்டது. அப்பாவைக் குழியில் இறக்கியதை நான் பார்க்கவில்லை.

என் அறையில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த கிளாரா, "அப்பாவைப் பற்றிச் சொல்லு" என்றாள்.

"இங்கிலீஷில் வரமாட்டேங்குது."

"உன் மொழியிலேயே சொல்லு. நான் கேட்கிறேன்."

நான் தமிழில் பேசினேன். அவர் சட்டையில் எப்போதும் இருந்த தேயிலை வாசத்தைப் பேசும்போதுதான் அழுகை வந்தது. ஒரு வார்த்தையும் புரியாமல் அவள் கடைசிவரை கேட்டாள்.

ஊர் திரும்பியபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது. அதன்முன் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த அறையிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.