மோழை வண்டின் ஒற்றை எக்ஸ்

என் முதுகுக்குப் பின்னால் ‘ஒய்யைத் தொலைத்தவர்’ என்றொரு பெயர் வழங்கிவந்ததை நான் அறியாதவன் அல்லன். அப்பெயர் ஏற்பட்ட விதத்தையும், அது நீங்கிய விதத்தையும் உள்ளபடி எழுதிவைப்பது என் கடமை.

கிருஷ்ணகிரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டு மாடியறையில் நுண்ணோக்கியை நிறுவி, அஞ்செட்டிப் பக்கத்துச் சாணி வண்டுகளின் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கினேன். பின்தெருவில் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப் ஓடும் நாட்களில் மேசை அதிரும். பார்வைப் புலத்தில் செல்கள் நடுங்கும். ஆகவே ஆலைக்கு விடுமுறையான ஞாயிறுதான் எனக்கு வேலை நாள்.

பெரும்பாலான வண்டினங்களில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸும், ஆணுக்குப் பெரிய எக்ஸ் ஒன்றும், புள்ளியளவேயான ஒய் ஒன்றும் உண்டு. விந்தணு உருவாகும்போது அவ்விரண்டும் சேர்ந்து நிற்பது பாரசூட்டில் ஆள் தொங்குவது போலிருக்கும். அஞ்செட்டி வண்டில் அந்த ஆளே இல்லை என்பது என் முடிவு. பெண்ணுக்கு இருபது குரோமோசோம்கள், ஆணுக்குப் பத்தொன்பது. காலங்காலமாகத் தேய்ந்துவந்த ஒய், இந்த இனத்தில் முற்றிலும் மறைந்துவிட்டது.

இரு பாலிலும் ஒரே திசுவை ஒப்பிடுவதே முறை என்று கருதி, குடலை மட்டுமே எடுத்து எண்ணினேன். பாலை வெளித்தோற்றத்தைக் கொண்டே குறித்தேன். தலையில் கொம்பிருந்தால் ஆண், இல்லையேல் பெண்.

ஓசூரில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் இதை வாசித்தபோது, என்னுடன் ஒரே துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் எழுந்தார். நண்பர் என்பதை மரியாதைக்காகவே எழுதுகிறேன்.

“சார், உங்க டேபிள்ல பொட்டை வண்டுலயும் நாலுக்குப் பத்தொன்பதுதான் போட்டிருக்கு. பொட்டைக்கு ஏது ஒய், தொலையறதுக்கு? ஸ்லைடை அமுக்கறப்ப ஒண்ணு வெளிய ஓடிப்போவுது. கட்டை விரலைக் கொஞ்சம் லேசா வைங்க.”

அரங்கம் சிரித்தது. ‘ஒய்யைத் தொலைத்தவர்’ என்ற பெயர் அன்றே பிறந்தது. கொம்பில்லாத அந்த நான்கும் எனக்கும் விளங்காதவையே. அவற்றை விளக்காதவரை, என் ஆண் வண்டுகளின் பத்தொன்பதும் கைப்பிழையாகவே எண்ணப்படும். என் பணிக்காலம் முழுவதும் நான் ஈட்டிய பெயர் அந்த நான்கு வண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மழைக்குப் பின் மீண்டும் அஞ்செட்டிக்குப் பேருந்து ஏறினேன். நான் வண்டு பொறுக்கும் மாட்டுப்பட்டி ஓர் அம்மையாருடையது. வீட்டில் கன்னடமும் என்னிடம் தமிழும் பேசுபவர். நான் கொம்பில்லாதவற்றைத் தனிப் புட்டியில் இடுவதை இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதென்ன சாரு, தனியா போடறீங்க?”

“இவை பெண் வண்டுகள், அம்மா.”

“பொட்டைன்னு யாரு சொன்னது?”

“கொம்பு இல்லையே.”

“அந்தா நிக்குதே எங்க காளை, அதுக்குந்தான் கொம்பு இல்ல. அதுக்குன்னு பாலா கறக்கறோம்?” என்றவர், புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். “இதுல பாதி பொட்டைதான். இந்தச் சின்னதுங்க மோழை சாரு, மோழை. பொட்டை இருக்கற பொந்து வாசல்ல கொம்பன் காவல் நிக்கும். இது பக்கத்துல வேற பொந்து பறிச்சிட்டு உள்ள போயிடும். போயி என்ன பண்ணுதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

பிறவியிலேயே கொம்பில்லாத மாட்டுக்கு இப்பக்கத்தில் வழங்கும் சொல் மோழை. புழுப் பருவத்தில் போதிய சாணம் கிடைக்காத ஆண் வண்டு சிறுத்துப்போய்க் கொம்பின்றி வளரும் என்பதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். நடத்தியவன், கண்ணெதிரே வைத்துக்கொண்டு மறந்தேன்.

அடுத்த ஞாயிறன்று ஸ்பிரிட்டில் எண்ணிட்டு வைத்திருந்த பழைய உடல்களை எடுத்தேன். கொம்பின்றிப் பத்தொன்பது காட்டிய நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்கிலும் விந்தகம். இருபது காட்டியவை அனைத்திலும் சூலகம். ஒன்றுகூட மாறவில்லை. பின்னர், புதிதாகக் கொணர்ந்த மோழை ஒன்றின் விந்தகத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஸ்லைடு செய்தேன். ஒன்பது ஜோடிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால், துணையற்று, ஒற்றை எக்ஸ். அதனருகில் புள்ளி ஏதும் இல்லை. அன்று நான் மாடியில் உரக்கச் சிரித்ததாக என் மனைவி கூறுவதை மறுப்பதற்கில்லை.

‘திருத்தப்பட்ட அட்டவணை’ என்று மட்டும் தலைப்பிட்டு அடுத்த கருத்தரங்கில் வாசித்திருக்கலாம். அவ்வாறு செய்ய ஓரிரவு எண்ணியதும் உண்மை. ஆனால் காரணம் கூறாமல் நான்கு பெண்களை ஆண்களாக்கினால், எண்ணத் தெரியாதவன் என்ற பெயர் போய், பொய்க் கணக்கு எழுதி நிரப்புபவன் என்ற பெயர் வரும். ஆகவே மேடையேறியதும் முதல் வாக்கியமாகவே சொன்னேன்: “எண்ணிக்கையில் நான் தவறவில்லை. பாலைக் குறித்ததில் தவறினேன். அதைக் கண்டு சொன்னவர் அஞ்செட்டியில் மாடு வளர்க்கும் ஓர் அம்மையார்.”

இம்முறை சிரிப்பு எழவில்லை. நுண்ணோக்கியை மேடையிலேயே வைத்து, நண்பரை அழைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“சத்தமாக எண்ணலாம்,” என்றேன்.

“ஒண்ணு, ரெண்டு...” என்று முணுமுணுத்தவர், “ஒம்போது ஜோடி. இது ஒண்ணு தனியா நிக்குது,” என்றார். தகட்டை நகர்த்தி வேறொரு செல்லைத் தேடினார், அதன்பின் மற்றொன்றை. மூன்றிலும் அதுவே. “வேற ஸ்லைடு இருக்கா?”

“பன்னிரண்டு கொண்டுவந்திருக்கிறேன்.”

ஐந்தாவதில் நிமிர்ந்தார். முன்வரிசைக்குக்கூடக் கேட்காத குரலில், “ஒய் இல்லதான் சார். அன்னிக்குச் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றார்.

“அன்று மைக்கில் சொன்னீர்கள்,” என்றேன்.

நண்பர் மேடையின் மறுகோடிக்கு நடந்து சென்று, மைக்கைத் தம் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, அதையே சொன்னார்.