சீரியஸாக இருந்தவர்

எங்கள் வீட்டில் தூசி துடைக்கும் துணியெல்லாம் டி-ஷர்ட்தான். எல்லாம் நான் வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்தது. பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மடிக்கணினி விற்றுப் பெரிய ஆளான கம்பெனி. இருந்தும் அதற்கு அவ்வப்போது புது ஆசை வரும். கைக்கணினி செய்யப் போகிறேன் என்று ஒருமுறை கிளம்பியது. எங்களுக்கெல்லாம் நீல டி-ஷர்ட். அப்புறம் கைக்கடிகாரம் என்றது; பச்சை டி-ஷர்ட். கைக்கணினியும் இல்லை, கடிகாரமும் இல்லை. டி-ஷர்ட் மட்டும் நல்ல பருத்தி, இன்றுவரை சாயம் போகவில்லை.

அதனால் ஒரு காலையில் என் மேசைமேல் கறுப்பு டி-ஷர்ட் மடித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் கம்பெனிக்கு மறுபடியும் ஏதோ ஆசை வந்துவிட்டது என்று புரிந்துபோனது. விரித்துப் பார்த்தேன். கேமிங்கில் நாங்கள் சீரியஸ் என்று நெஞ்சில் சிவப்பாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கணினி விளையாட்டுக்கென்றே தனி மெஷின், தனி டிவிஷன், தனி ஆட்கள் என்று அன்று மீட்டிங்கில் அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

என் வேலை உதிரிபாகம். இந்த வட்டாரத்தில் எங்கள் மெஷின் எங்கே பழுதானாலும் மாற்றிக் கொடுக்க விசிறியோ திரையோ பேட்டரியோ சிங்கப்பூரில் எங்கள் சாங்கி கிடங்கில் தயாராக இருக்க வேண்டும். எது எப்போது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். புது மெஷினைப் பார்த்தால் மற்றவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். நான் எந்தப் பக்கம் முதலில் உடையும் என்று திருப்பிப் பார்ப்பேன். பெண் பார்க்க வந்த அன்று தன்னையும் அப்படித்தான் பார்த்தேன் என்று என் கணவர் இன்னும் சொல்லிக்காட்டுவார்.

புது டிவிஷனுக்குத் தலைவராக வந்தவர் சென்னைக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். மீட்டிங்கில் மேடம் என்பார், வெளியே வந்தால் அக்கா. வொர்க் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வருகிற பெரிய படிப்புக்காரர்களைப் பற்றி இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வருவார்கள், ஆரவாரமாக எதையாவது தொடங்குவார்கள், அது நிற்குமா விழுமா என்று தெரிவதற்குள் அதைக் காட்டி அமெரிக்காவில் வேலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவரையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

முதல் வாரமே என்னிடம் வந்தார். "அக்கா, கேமிங் ஸ்பேர்ஸ் பாத்துக்க நீங்க எங்க டிவிஷனுக்கு வரணும். ஸ்கூல் லேப்டாப்பையே எவ்ளோ நாள் கட்டி அழுவீங்க?"

"அந்த ஸ்கூல் லேப்டாப்தான் சோறு போடுது லா," என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பில்லை. நான் எழுந்து போனால் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். நாளைக்குக் கைக்கடிகாரம் போல இதையும் மூடிவிட்டால், திரும்பி வந்து உட்கார இடம் இருக்காது. மகள் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். இந்த வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்? இந்தக் கம்பெனி உண்மையாகவே இதைச் செய்யப்போகிறதா, இல்லை இதுவும் ஒரு டி-ஷர்ட்தானா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டில் அன்று மாலை மகளிடம் கேட்டேன். ஃபோனில் யாரையோ சுட்டுக்கொண்டே பதில் சொன்னாள். "அம்மா, உங்க கம்பெனி கேமிங் லேப்டாப் பண்ணுதா? சீரியஸ்லி? அது ஸ்கூல்ல குடுக்குற பிராண்ட்மா. பாத்தாலே ஹோம்வர்க் ஞாபகம் வரும். யாரும் வாங்க மாட்டாங்க லா."

மறுநாள் இதை அந்தத் தலைவரிடம் அப்படியே ஒப்பித்தேன். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவரோ சந்தோஷப்பட்டார். "கரெக்டா சொல்லிருக்கா. அதனாலதான் அக்கா இத அரைகுறையா செய்யக் கூடாதுங்கிறேன். ஓரத்துல சிவப்பு லைட் ஒட்டி வித்தா ஒருத்தனும் வாங்க மாட்டான். சூடாகாத மெஷின் பண்ணணும். கெட்டுப்போனா மறுநாளே மாத்திக் குடுக்கணும். அஞ்சு வருஷம் பொறுமையா காசு போட்டா அப்புறம் உங்க பொண்ணே வாங்குவா. போட மனசில்லன்னா இப்பவே மூடிறலாம்."

நியாயமான பேச்சு. அதுதான் எனக்கு இடித்தது. இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது.

அந்த வாரத்தில்தான் சித்தி கூப்பிட்டார். அம்மாவின் தங்கை, கேலாங்கில் தனியாக இருக்கிறார். லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு ரயிலடியில் நின்றிருந்தேன். வேலையெல்லாம் எப்படி என்று கேட்டார். "கேமிங் விஷயத்துல எங்க புதுப் பாஸ் ரொம்ப சீரியஸா இருக்காரு சித்தி" என்றேன். முன்பாதியை வந்து நின்ற ரயில் விழுங்கிவிட்டது.

"ஐயோ! எந்த ஆஸ்பத்திரிலம்மா?"

நான் சிரித்துவிட்டேன். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், அந்த சீரியஸ் இல்லை, இது வேறே சீரியஸ் என்று விளக்கினேன். சித்தி நம்பவில்லை. அவர் நம்பாததற்குக் காரணம் நாங்கள்தான். சித்தப்பா தீவிர சிகிச்சையில் கிடந்தபோது, சும்மா செக்கப்புக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று குடும்பமே சேர்ந்து சித்தியிடம் சொன்னோம்; சித்தப்பா வீடு திரும்பவே இல்லை. அன்றிலிருந்து யாராவது நன்றாக இருக்கிறார் என்றால் சித்திக்குப் பயம் வந்துவிடும்.

"எங்கிட்ட மறைக்காத. பேரு, நட்சத்திரம் சொல்லு, அர்ச்சனை பண்ணிடுறேன்."

"பாஸோட நட்சத்திரம் எனக்கு எப்படித் தெரியும் சித்தி?"

"சரி, சாமி பேருக்கே பண்ணிடுறேன்," என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். தலைமாட்டில் வைக்கச் சொல்லு என்று உத்தரவு வேறு.

அலுவலகத்தில் அவரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு விரல்நுனியில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைக் கணினிப் பையின் உள்ளறையில் வைத்தார். "நான் சீரியஸாதானே அக்கா இருக்கேன். பூசிக்கிறதுல தப்பில்ல," என்றார்.

தீபாவளி நெருங்கியபோது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புது மெஷின்களை வரிசையாக வைத்தோம். யார் வேண்டுமானாலும் வந்து விளையாடலாம், பிடித்தால் வாங்கலாம். ஞாயிறு மத்தியானம், சொல்ல வேண்டுமா? கப்பல் பட்டறையிலிருந்தும் கட்டுமான இடங்களிலிருந்தும் லீவு நாளென்று வந்த ஊர்த் தம்பிமார் கூட்டம் வாசல்வரை நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் கறுப்பு டி-ஷர்ட் போட வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா அக்கா கூட்டத்த!"

"வெளிய வெயில், உள்ள ஏர்கான். பாதிப் பேர் அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"நீங்க எதையுமே நம்ப மாட்டீங்களா?"

ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினைச் சற்றுத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் போலச் சுட்டது. விசிறி கொசு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. "இந்த விசிறிதான் முதல்ல போகும்," என்றேன். அவரும் கை வைத்துப் பார்த்தார். சுட்டும் உடனே எடுக்கவில்லை. "தெரியும் அக்கா. இதுக்கு மேல காசு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் ஸ்பேர் நிறைய வேணும்னு கேட்டிருக்கேன்," என்றார்.

கேட்டிருக்கிறாரா, கேட்டிருப்பதாகச் சொல்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் உண்டு. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துடன் திரை வழியாக மீட்டிங். அங்கே பெரிய பதவியில் இருக்கும் அம்மா ஒருவர் எங்கள் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன். இந்த மெஷின்களுக்கு எத்தனை வருஷத்துக்கு உதிரிபாகம் வைக்கப்போகிறோம் என்று கேட்டேன்.

நல்ல கேள்வி என்றார். யாராவது அப்படிச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முதலில் சந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம், இப்போதைக்கு உத்தரவாதக் காலத்துக்கு மட்டும் போதும் என்றார். அதாவது ஒரு வருஷம். பள்ளிக்கூட மெஷினுக்கு நாங்கள் வைப்பது ஐந்து வருஷத்துக்கு. கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன், ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும் வீடு பார்த்தால் போதும் என்று சொல்கிற மாப்பிள்ளைக்கு யாராவது பெண் கொடுப்பார்களா? எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பக்கத்தில் சென்னைக்காரர் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "அஞ்சு வருஷ ஸ்பேர் நான் வாங்கித் தரேன் அக்கா. அப்ப வருவீங்களா?"

"ஸ்பேர் வந்தா வரேன்."

வராது என்பது அவருக்கும் தெரியும், என்னைத் தன் பக்கம் இழுப்பதற்கு ஒரு பேச்சு என்றுதான் நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெரிய அம்மாவே சிங்கப்பூர் வந்திருந்தார். மின்தூக்கியில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உதிரிபாகத்தைப் பற்றிக் கேட்டது நீங்கள்தானே என்றார். உங்கள் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு எங்களை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை, எந்தப் பேச்சை எடுத்தாலும் ஸ்பேர் ஸ்பேர் என்கிறார் என்று அலுத்துக்கொண்டார். கதவு திறந்து அவர் போனபிறகும் நான் இறங்க மறந்து நின்றேன். அப்படியானால் சென்னைக்காரர் உண்மையாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றே போய்ச் சரி என்று சொல்லிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. அவரை நம்பினேன், கம்பெனியை நம்பவில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி.

மழைக்காலம் முடிவதற்குள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். நம் கவனத்தை நம்முடைய அடிப்படைத் தொழிலுக்குத் திருப்புகிறோம் என்றார்கள். இந்த வாக்கியத்தை நான் நீல டி-ஷர்ட் காலத்திலும் பச்சை டி-ஷர்ட் காலத்திலும் கேட்டிருக்கிறேன். டிவிஷனை மூடியாயிற்று. அங்கே இருந்த இளைஞர்களை இங்கும் அங்குமாகச் சேர்த்துக்கொண்டார்கள். தலைவருக்கு மட்டும் இடம் இல்லை. வேலை போனால் வொர்க் பாஸும் போகும், அது போனால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அமெரிக்காவும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

கிளம்புவதற்குமுன் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். சாப்பிடவே இல்லை; ரசத்தை மட்டும் குடித்தார். "எம் பொண்ணு இப்ப உங்கள மாதிரியே எல்லாத்துக்கும் லா போடுறா அக்கா. மெட்ராஸ் ஸ்கூல்ல சிரிக்கப்போறாங்க," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க சித்திகிட்ட சொல்லுங்க, திருநீறு வேலை செய்யலன்னு," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நான் நெஜமாவே சீரியஸாதான் அக்கா இருந்தேன்."

"தெரியும் தம்பி," என்றேன். அவரை அதுவரை நான் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் சந்தேகம் ஜெயித்துவிட்டது, என் நாற்காலி தப்பித்தது, ஆனால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விற்ற மெஷின்கள் உத்தரவாத வருஷம் முடிந்து இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, எல்லாம் விசிறிதான். மூடிய டிவிஷனின் பழுதுகளை என் மேசைக்கே தள்ளிவிட்டார்கள். ஸ்பேர் இல்லை என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இப்போது என் வேலைகளில் ஒன்று.

போன வாரம் கேலாங்கில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். டீயை ஆற்றிக்கொண்டே நினைவாகக் கேட்டார். "அந்தப் பாஸ், சீரியஸா இருந்தாரே, இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"போயிட்டாரு சித்தி."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சித்தி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நீ மறைக்கிறன்னு. புள்ளகுட்டி இருக்கா?"

"ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு."

"ஐயோ பாவம். உங்கது பெரிய கம்பெனிதானே? வசதிக்கு என்ன குறைச்சல்? ஆரம்பத்துலேருந்தே நல்லபடியா பாத்திருந்தா அந்த உசுரு பொழைச்சிருக்குமே."

ஊருக்குத்தான் போயிருக்கிறார் என்று திருத்த வாயைத் திறந்தேன்.

"பொழைச்சிருக்கும் சித்தி," என்றேன். "பாக்கல."