கிழக்கே பறக்காத விமானம்

சூசை வாத்தியார் செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். ராயபுரத்தில் என் கிட்டங்கியில் கருவாட்டு மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மைத்துனர் வந்து சொன்னார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் தட்டிலிருந்த மூட்டையின் எடை, திரும்பத் திரும்பப் பார்த்தும் மனத்தில் நிற்கவில்லை. கடையைச் சாத்தினேன்.

அவரிடம் விஞ்ஞானம் படித்த பலர் இதை வாசிப்பீர்கள். நான் படித்தவனில்லை, கூடை சுமந்து கடை வைத்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் கிட்டங்கிக்கு வந்து என்னோடு வம்பளந்த மனிதரைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஒருநாள் எங்கள் தலைக்கு மேல் விமானம் போனது. "பூமி சுத்திகினே கீதுன்றீங்களே வாத்தியாரே, அது மேல கீற நேரத்துல ராயபுரம் அடியில நவுந்து பூடாதா?" என்று மடக்கினேன்.

"காத்தும் கூடவே சுத்துது மாமு. ஓடுற ரயிலுக்குள்ள ஈ பறக்குதே, அது இன்னா பின்னால நின்னுடுதா?" என்றார். "ஆனா ஒண்ணு. பூமி சுத்துறது கிழக்கால. அதே பக்கம் விமானம் பறந்தா உள்ள கீற சாமானோட எடை துளி கொறயும். மேற்கால பறந்தா துளி ஏறும்."

"அப்போ கிழக்கே போவசொல்ல வாங்கி, மேற்கே திரும்பசொல்ல வித்துடலாம்!"

"உன் தட்டுத் தராசுல ஒண்ணும் நடக்காது. சரக்கு கொறஞ்சா எடைக்கல்லும் அதே கணக்குல கொறயும். ஸ்பிரிங் தராசுலதான் தெரியும். பூமியே திருடினாலும் உன் தராசு யோக்கியம், நீதான் பேஜாரு" என்றார். அன்று மூட்டைக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு அவருக்கு நெஞ்சுநோய் வந்தது. வைத்தியர் கைவிரித்தார். வாத்தியார் சாவைப் பற்றிப் பேசவில்லை. "கண்ணால பாக்காததையே இத்தினி வருசமா பசங்களுக்குச் சொல்லிகினு கீறேன் மாமு. கிழக்கால பறக்கசொல்ல ஸ்பிரிங் தராசுல ஊசி எறங்குறத ஒருவாட்டி பாத்துடணும்" என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

இந்தக் கோடையில் ஒரு துரை, ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட, விமானத்தைத் திருவொற்றியூர் மணலில் கொண்டுவந்து இறக்கினார். வாத்தியார் ஸ்பிரிங் தராசும் இரும்புக் குண்டுமாக வந்தார். கிழக்கே கடல் மேல் போகுமா என்று கேட்டதற்குச் சீட்டு விற்றவன் இல்லையென்று கையை ஆட்டினான்.

"கடல் மேல போவ மாட்டாரு நைனா. இஞ்சின் நின்னா மணல்ல எறங்கணுமே. எண்ணூர் வரைக்கும் வடக்க, அப்பால தெக்க. அவ்ளோதான்."

"மேற்கே?" என்றேன்.

"மேற்கே பூரா மில்லு. பொகைபோக்கி மேலயா எறங்குவாரு?"

வாத்தியார் முகம் செத்துவிட்டது. வடக்கே தெற்கே பறந்தால் எடை மாறாதாம். பூமி சுற்றுவது விமானத்தைப் போகும்போது கடல் பக்கமும் திரும்பும்போது ஊர்ப்பக்கமும் இம்மியளவு தள்ளுமாம். அதை விமானி தனக்கே தெரியாமல் திருத்திக்கொண்டுவிடுவாராம். நம் கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதற்கு யார் என்ன செய்வது? ஆனாலும் ஏறினார்.

இறங்கியதும் இருமி ஓய்ந்து, "இஞ்சின் உதறலுக்கு ஊசி நிக்கவே இல்ல மாமு. கிழக்கால போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். நான் தராசோடு பிழைக்கிறவன். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரியும்.

தெரிந்தும் சீட்டுக்காரனிடம் போனேன். மழைக்காலம் கழிந்து துரை இரண்டு இஞ்சின் வைத்த விமானத்தோடு வருவார், அது கடல் மேல் போகும் என்றான். ஒன்றுக்கும் உதவாத சரக்கு என்று தெரிந்தே என் வாழ்வில் பேரம் முடித்தது அது ஒன்றுதான். போய்ச் சொன்னேன்.

"நெசமா கிழக்காலயா?" என்றார் வாத்தியார்.

"நேர் கிழக்கே."

மழை வருமுன் அவர் போய்விட்டார். அவர் பெயரால் என்னிடம் இருப்பது அந்தப் பேரம்தான்: கரையிலிருந்து நேர் கிழக்கே மூன்று மைல், அதே வழியில் நேர் மேற்கே திரும்புதல், கட்டணம் அறுபது ரூபாய், பாதி முன்பணம், பயணி வராவிட்டால் முன்பணம் திரும்பாது.