குரல் எட்டும் தூரம்

சுவிட்சர்லாந்தின் ஊரி மலைநாட்டில், பசுக்கள் மேல்மேய்ச்சலில் இருக்கும் கோடை முழுவதும், அந்தி சாய்ந்ததும் ஒருவன் மேட்டில் நின்று பால் ஊற்றும் மரப்புனலை வாயில் வைத்து ஜெபம் கூவவேண்டும். அவன் குரல் எட்டும் தூரம்வரை அன்றிரவு இடியும் பாறைச்சரிவும் அண்டாது. ஆம்ப்ரோஸின் மேய்ச்சலில் அது அவன் வேலை. அப்பா இறந்த கோடையில் எடுத்த புனலை, காதோரம் நரைத்த பிறகும் அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

ஏழு பிள்ளைகளில் அவன் கடைசி. அண்ணன்மார் ஆலைக்கும் ரயில் வேலைக்கும் இறங்கிப் போனார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவும் மாடுகளும் இவன் பங்குக்கு வந்தன. அம்மா போனபோது, பெண் கேட்கிற வயதும் போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். அவனும் நம்பிக்கொண்டான்.

ஆனால் எதிர்மலையில் அகத்தா இருந்தாள். அவளும் அவள் தம்பி தோனியும் அங்கே மாடு வைத்திருந்தார்கள். அவள் அடுப்புப் புகை இங்கிருந்தே தெரியும். ஆள் போகவேண்டுமானால் ஓடைவரை இறங்கி மறுபடி ஏறவேண்டும், பகல் போய்விடும். குளிர்காலத்தில் இருவருக்கும் ஒரே கோவிலில்தான் பூசை. வாசலில் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டியபடி, "புல்லு போதுமா இந்த வருஷம்?" என்பான். "போதும். உங்களுக்கு?" என்பாள். அவ்வளவுதான். அவள் திரும்பி நடந்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் அவன் தொண்டைக்கு வரும்.

இந்தக் கோடையின் நடுவில் தோனி கால் முறிந்து கீழே போனான். எதிர்மலையில் கூவ ஆளில்லை. பெண்கள் ஜெபம் கூவுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. பாலாடைக்கட்டி ஏற்றிப்போகும் கழுதைக்காரனிடம் அகத்தா சொல்லியனுப்பினாள்: "புனலைக் கொஞ்சம் எங்க பக்கமும் திருப்பச் சொல்லுங்க."

அன்றிலிருந்து ஆம்ப்ரோஸ் குடிசைமேட்டை விட்டு, சிலுவைப் பாறைவரை ஏறிக் கூவினான். நாலு திசைக்கும் கூவுவதுதான் முறை. அவனுக்கு மூன்று திசை சுருங்கியது, ஒன்று நீண்டது.

அவனோடு பாலாடைக்கட்டி காய்ச்சும் யோஸ்ட் விடுவானா? "யோவ், நம்ம மாடெல்லாம் உன் முதுகுப் பக்கம் நிக்குது. ஆண்டவர் அந்த மலையில மட்டுந்தான் குடியிருக்காரா?"

"காத்து அப்படி அடிக்குதுய்யா."

"ஆமாமா. தினமும் ஒரே காத்து!"

ஜெபம் முடிந்ததும் எதிரிலிருந்து அகத்தாவின் கூவல் ஒன்று வரும். அடித்தொண்டையில் தொடங்கி உச்சிக்குத் தாவும் மலைக் கூவல். எட்டிவிட்டது என்று அர்த்தம். அது கேட்ட பிறகுதான் அவன் இறங்குவான். அடுத்த கோடையில் தோனி திரும்பிவிடுவான். மாடுகள் கீழே இறங்கவும் சில நாட்களே இருந்தன. அதற்குள் சொல்லாவிட்டால் மறுபடியும் கோவில் வாசல், மறுபடியும் புல் பேச்சு. ஒவ்வொரு மாலையும் அவன் ஜெபத்தின் கடைசியில் தயங்கி நின்றான். இரண்டு மலையும் கேட்கும்படி அதை எப்படிக் கூவுவது?

செப்டம்பர் மழையில் நனைந்ததில் அவன் தொண்டை கட்டிக்கொண்டது. பாறைமேல் நின்று வாய் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"நான் கூவட்டுமா?" என்றான் கூடவே ஏறி வந்திருந்த யோஸ்ட். "எனக்குப் பாதி ஜெபந்தான் தெரியும். மீதிக்கு மாடு பேரெல்லாம் சொல்லிச் சமாளிச்சுடுவேன்."

ஆம்ப்ரோஸ் கையை உயர்த்தி அவனை அடக்கினான். எதிர்மலையிலிருந்து ஒரு பெண்குரல் வந்துகொண்டிருந்தது. மரியே வாழ்க. அந்தோணியாரே, காவல் சம்மனசே, இந்த மேட்டையும் எதிர்மேட்டையும் அங்கே உள்ளவரையும் காத்தருளும். ஒரு வார்த்தை பிசகவில்லை. கூவிப் பழகிய குரல், புனல் வழியே, நேராக இந்தப் பக்கம்.

அவன் பதிலுக்குக் கூவினான். அது பாறையைக்கூடத் தாண்டவில்லை.

"அவளுக்கே கூவத் தெரியுது. இனி நான் எதுக்கு?" என்றான் கரகரத்து.

யோஸ்ட் தலையில் அடித்துக்கொண்டான். "அட மரமண்டை! தெரிஞ்சவ எதுக்குய்யா உன்னைத் தினமும் பாறை ஏற வெச்சா?"

விடிந்ததும் பால் கறவையை யோஸ்டிடம் விட்டுவிட்டு ஆம்ப்ரோஸ் இறங்கினான். மாடுகளுக்கு முன்னால் அவன் மலையிறங்கியது அதுதான் முதல் தடவை. யோஸ்ட் சிரிக்கவில்லை. ஒரு துண்டு ரொட்டியை அவன் பையில் திணித்து, "பேச்சு வரலேன்னா கையைக் காலைக் காட்டியாவது சொல்லித் தொலை," என்றான்.

ஓடைக்கரைக்கு வந்தபோது இரண்டு மலையும் மறைந்துவிட்டன. இத்தனை நாளும் தங்கள் குரல்கள் தலைக்குமேல் கடந்துபோன பள்ளம் அது. தண்ணீர் இரைச்சலில் எந்த ஜெபமும் இங்கே கேட்டிருக்காது. பாறையில் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லிப்பார்த்தான். அவன் காதிலேயே விழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிர்க்கரைக்குத் தாண்டி ஏறத் தொடங்கினான்.